பச்சை ரிப்பனில் மூன்று கோடுகள்

தை பிறந்து எட்டு நாள் ஆகியும் பீர்க்கன்கரணையை விட்டுப் பனி போகவில்லை. ஏரியின் மேலிருந்து எழுந்து, கரையோரத்து வீடுகளின் சுவர்களை நனைத்து, எட்டரை மணி வெயில் வரும்வரை தெருவிலேயே உட்கார்ந்திருந்தது. பேபியின் மாவு பொங்கவில்லை. நேற்று மதியம் அரைத்து, நான்கு குண்டான்களில் ஊற்றி, பழைய கம்பளியைச் சுற்றி வைத்த மாவு, ஊற்றிய மட்டத்திலேயே கிடந்தது. கரண்டியால் கிளறி முகர்ந்து பார்த்தாள். புளிப்பு வாசனை இல்லை. வெறும் உளுந்து வாசனைதான்.

"இன்னாடி, ஏறலியா?" என்று உள்ளேயிருந்து அவள் அம்மா கங்கையம்மாள் கேட்டாள்.

"எங்க ஏறுது. அப்டியே கல்லு மாதிரி கீது. ஏரிக்கரை நகர்ல இருவது கவர் கேட்டுகிறாங்க."

"அடுப்பாண்ட தள்ளி வையி. வெந்நி போட்ட சூட்டுல ஏறிக்கும்."

ஏரிக்கு அந்தப் பக்கம் ஏரிக்கரை நகர். வங்கியிலும் கம்பெனியிலும் வேலை பார்ப்பவர்களின் வீடுகள். பேபி இந்தப் பக்கம், பழைய ஊருக்குள் இருந்தாள். ஆனாலும் அந்த நகரின் வாட்ஸ்அப் குழுவில் அவளையும் சேர்த்திருந்தார்கள். தினமும் சாயங்காலம் "மாவு ரெடி" என்று அவள் ஒரு வரி போடுவாள். கட்டைவிரல்களும் வீட்டு எண்களும் கீழே வந்து விழும். அன்று காலை குண்டான்களை அடுப்பருகே தள்ளிவிட்டு போனைத் திறந்தபோது, நாற்பத்து மூன்று செய்திகள் வந்திருந்தன. ஒன்றும் மாவைப் பற்றியது இல்லை.

முதல் செய்தி விஷ்ணுப்ரியா என்கிற பெண் போட்டது. 'அசோக சக்ரா வாங்கியவர்களின் பட்டியலை முழுக்கப் பார்த்துவிட்டேன். ஜெயவேலு என்று ஒருவரும் இல்லை. கல் செய்வதற்கு முன்னால் யாராவது சரிபார்த்தீர்களா?'

பேபி இரண்டு முறை படித்தாள். ஜெயவேலு அவள் அப்பா. பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர், இறந்து பதினாறு வருடம் ஆகிறது. ஏரிக்கரைப் பூங்காவுக்கு அவர் பெயர் வைக்கலாமா என்று கார்த்திகை மாதத்தில் சங்கத்தின் செயலாளர் அனந்தகிருஷ்ணன் தானே வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டுப் போனார். கருப்புக் கல்லில், தங்க நிற எழுத்தில், 'அசோக சக்ரா விருது பெற்ற ஹவில்தார் ஜெயவேலு பூங்கா' என்று செதுக்கி, கோணி சுற்றி வைத்திருந்தார்கள். இருபத்தாறாம் தேதி குடியரசு தினத்தன்று கங்கையம்மாள் கையால் கோணியை அவிழ்ப்பதாக ஏற்பாடு. அதற்கு நான்கு நாள்தான் இருந்தது.

கீழே இன்னும் பலர் எழுதியிருந்தார்கள். 'மெடல் எல்லாம் இப்போது ஆன்லைனிலேயே கிடைக்கிறது சார்.' 'பாவம், அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம்.' 'மாவு அக்கா குரூப்பில் இருக்கிறார், பார்த்துப் பேசுங்கள்.'

கடைசிச் செய்திதான் பேபிக்கு அதிகமாக வலித்தது.

பத்து மணிக்கு அனந்தகிருஷ்ணன் போன் செய்தார்.

"பேபிம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. நான் நம்பறேன். ஆனா கமிட்டில கேக்கறாங்க. சனிக்கிழமைக்குள்ள ஏதாவது டாக்குமென்ட் காட்டிட்டா முடிஞ்சுது. இல்லன்னா அந்தக் கல்ல வெக்க முடியாது. உங்களுக்கும் அசிங்கம், எங்களுக்கும் அசிங்கம்."

"மெடலே கீதே சார். நீங்கதான் கையில வாங்கிப் பாத்தீங்களே."

"பாத்தேன்மா. இருந்தாலும், லிஸ்ட்ல இல்லயே..."

பேபியின் கணவன் சுகுமார் தாம்பரம், வண்டலூர் தடத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். காலை சவாரி முடித்துப் பழைய சோறு சாப்பிட வந்தவன் கதையைக் கேட்டு மோரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான்.

"அத்தை, அந்த டிரங்குப் பெட்டில மாமாவோட பட்டாளத்து புக்கு கீதுல்ல? அதக் குடு. மூஞ்சில விட்டெறிஞ்சிட்டு வரேன்."

கங்கையம்மாள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். எழுபத்தாறு வயதிலும் முறம் அவள் கையில் தாளம் தப்பாது. இப்போது தப்பியது.

"தரமாட்டேன்."

"இன்னாத்துக்கு?"

"அவரு பேர சந்தேகப்படறவனுக்கு இன்னாத்துக்குக் காட்டணும்? பார்க்கு வேணாம்னு சொல்லு. நாமளா கேட்டோம்?"

"அய்ய, இப்ப வேணாம்னா ஃப்ராடுன்னு ஒத்துகினா மாதிரிதான் ஆவும்" என்றாள் பேபி. "நாளைக்கு நான் மாவு எடுத்துகினு எந்த மூஞ்சிய வச்சிகினு அந்தத் தெருவுல போறது? சாவிய குடும்மா."

கங்கையம்மாள் சாவியை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அவள் கண்ணில் கோபம் இருந்தது. கோபத்துக்குப் பின்னால் வேறு ஏதோ இருந்தது. அது என்னவென்று பேபிக்குப் பிடிபடவில்லை.

கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு மறுநாள் பேபியும் சுகுமாரும் செங்கல்பட்டுக்குக் கிளம்பினார்கள். மெடல் ஒன்று. அம்மாவின் பென்ஷன் புத்தகம். சாமி படத்துக்குப் பின்னால் இருந்த, அப்பா அம்மாவின் கல்யாணப் பத்திரிகை. அதில் மணமகன் பெயருக்கு மேலே 'அசோக சக்ரா விருது பெற்ற' என்று அச்சடித்திருந்ததால், அதுவும் ஒரு சாட்சி என்று சுகுமார் சொன்னான்.

"கல்யாணப் பத்திரிகைய எவனாவது ஆதாரம்னு எடுப்பானா?"

"அறுபத்தேழுல ஆன்லைன் இருந்துச்சா? மெடல வாங்கலாம், பத்திரிகைய எங்க போய் வாங்குவான்? நீ எடுத்து வையி."

பெருங்களத்தூரில் ஏறிய ரயில் காலியாக இருந்தது. கூடுவாஞ்சேரி தாண்டியதும் வெயில் வந்தது. பேபி மெடலைக் கைக்குட்டைக்குள் வைத்து விரலால் தடவிக்கொண்டே வந்தாள். வட்டமான வெண்கலம். பச்சை ரிப்பன், அதில் செங்குத்தாக மூன்று காவிக் கோடுகள். சின்ன வயதில் இதை அவள்தான் விபூதி போட்டுத் துடைப்பாள். என்ன செய்து வாங்கினாய் என்று கேட்டால் "ஆத்துல வேல, செஞ்சேன், குடுத்தான்" என்பதோடு நைனா முடித்துவிடுவார். வாசலில் கட்டிலைப் போட்டுக்கொண்டு வானொலி கேட்பார். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை வராத மனிதர். அப்படிப்பட்டவர் பொய் சொல்லியிருந்தால், அந்தப் பொய்யை எந்த நேரத்தில் சொல்லியிருப்பார்? அவளுக்கு விளங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரே மாதிரியான அடுக்குமாடிகள் போய்க்கொண்டே இருந்தன. எல்லாவற்றிலும் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள்.

முன்னாள் படைவீரர் அலுவலகத்தில் சாம்பசிவன் என்கிறவர் உட்கார்ந்திருந்தார். சுபேதாராக இருந்து ஓய்வு பெற்று, இங்கே வந்தவர். முடியை இன்னும் ஒட்ட வெட்டியிருந்தார். பென்ஷன் புத்தகத்திலிருந்த எண்ணைப் பார்த்து, ஒரு பதிவேட்டை இழுத்துப் புரட்டினார்.

"ஜெயவேலு, மெட்ராஸ் சாப்பர்ஸ், பாலம் ரோடு போடற படை. இருக்காரே."

பேபிக்கு மூச்சு வந்தது.

"சௌர்யா சக்ரா" என்றார் அவர்.

"அது வேற ஆளு சார். எங்க நைனா அசோக சக்ரா."

"நம்பர் இதேதாம்மா. மனைவி பேரு கங்கையம்மாள், ஊரு பீர்க்கன்கரணை."

"அப்ப ரெண்டு மெடலா?"

"ஒண்ணுதான்."

"ஒண்ணுன்னா அது அசோக சக்ராதான சார்?"

"ஆமா. அதான் சௌர்யா சக்ரா."

சுகுமார் முன்னால் வந்தான். "சார், கோச்சிக்காதீங்க. நானு ஆட்டோ ஓட்றவன். வண்டலூர் போவுமான்னு கேட்டா போவும், போவாது, ரெண்டுல ஒண்ணு சொல்லுவேன். நீங்க இன்னா ரெண்டையும் சொல்றீங்க?"

சாம்பசிவன் சிரித்துவிட்டு நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்க. சண்டையில காட்டற வீரத்துக்கு வேற மெடல் இருக்கு. சண்டை இல்லாத நேரத்துல உயிர மதிக்காம நிக்கறவனுக்குன்னு அம்பத்திரண்டுல ஒண்ணு ஆரம்பிச்சாங்க. அதுதான் அசோக சக்ரா. அதுல மூணு வகுப்பு. மொதல் வகுப்புக்குத் தங்க முலாம், ரெண்டாவது வெள்ளி, மூணாவது வெண்கலம். அறுபத்தேழுல வகுப்பே வேணாம்னு எடுத்துட்டாங்க. மொதல் வகுப்பு மட்டும் அசோக சக்ராங்கற பேர வச்சுக்கிச்சு. ரெண்டாவது, கீர்த்தி சக்ரா ஆச்சு. மூணாவது, சௌர்யா சக்ரா ஆச்சு. முன்னாடி வாங்கினவங்களையும் அந்தந்தப் பேர்லதான் கணக்குல வச்சிருக்காங்க. உங்க அப்பா வாங்கினது அறுபத்தாறுல. மூணாவது வகுப்பு."

"மூணாவதா?"

"ஆமாம்மா. ரிப்பன்லயே இருக்கே. மூணு கோடு."

"அதுக்குதான் சார் பெரிசுன்னு நெனச்சிகினு இருந்தோம். லான்ஸ் நாயக்குக்குக் கையில ஒரு பட்டை, நாயக்குக்கு ரெண்டு, ஹவில்தாருக்கு மூணு. மூணுதான பெருசு?"

"கையில மூணு பெருசு. மார்புல ஒண்ணு பெருசு" என்றார் சாம்பசிவன், தானே அதை இப்போதுதான் கவனித்ததுபோல.

"ஆக, மாமா ஃப்ராடு இல்ல" என்றான் சுகுமார். "ஃபர்ஸ்ட்டும் இல்ல."

"தம்பி, தேர்ட்டுனு சுளுவா சொல்லாதீங்க." அவர் பதிவேட்டில் விரலை வைத்துப் படித்தார். "அறுபத்தஞ்சு. வடகிழக்குல மலை ஆறு. பாலம் போடற வேலை. வெள்ளத்துல தெப்பம் கவுந்திருக்கு. நாலு தடவ உள்ள குதிச்சிருக்காரு. மூணு பேரக் கரை சேத்திருக்காரு."

"நாலாவது தடவ?" என்று கேட்டாள் பேபி.

"அதப் பத்தி ஒண்ணும் போடல."

அவர் கல்யாணப் பத்திரிகையை விரித்துப் பார்த்தார். பத்தாம் தேதி பிப்ரவரி 1967. மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த ஒரு தாளைப் பார்த்துவிட்டு, "பேரு மாத்தினது ஜனவரி இருபத்தேழு" என்றார். "பத்திரிகை எப்ப அடிச்சிருப்பாங்க?"

"எலெக்ஷன் நேரமாம் சார். அச்சாபீஸ்ல நோட்டீஸ் அடிக்கவே எடம் இல்லன்னு பொங்கலுக்கே அடிச்சிட்டாங்கன்னு அம்மா சொல்லும்."

"அப்ப அடிக்கும்போது சரி. தாலி கட்டும்போது தப்பு." அவர் மறுபடி சிரித்தார். பிறகு பத்திரிகையைத் திருப்பிப் பார்த்து, "ஆனா வகுப்பு போடாம விட்டுட்டாங்களே" என்றார்.

திரும்பி வரும் ரயிலில் அவர் எழுதிக் கொடுத்த சான்றிதழ் பேபியின் மடியில் இருந்தது. வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் வந்தபோது இருந்ததைவிடக் குழப்பம் அதிகமாகியிருந்தது. டெல்லியில் ஒரு வெள்ளிக்கிழமை யாரோ ஒரு தாளில் கையெழுத்துப் போடுகிறார். அதே வெள்ளிக்கிழமை தாம்பரத்தில் மஞ்சள் தடவிய பத்திரிகைகளை வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நைனாவுக்கு எப்போது தெரிந்தது? லீவு முடிந்து போன பிறகா? தெரிந்த பிறகும் ஏன் நாற்பது வருடம் பழைய பெயரையே சொன்னார்? மூன்றாவது என்பதை ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை?

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கங்கையம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆற்றில் நாலு தடவை குதித்தார் என்றபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒனக்குத் தெரியுமா, தெரியாதா? நைனா ஒங்கிட்டயும் பொய் சொல்லிட்டாரா?"

அன்று வைத்த வஞ்சிரம் குழம்பைக் கங்கையம்மாள் தொடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் பேபி சான்றிதழைப் படம் எடுத்துக் குழுவில் போட்டாள். கீழே பூங்கொத்துகளும் கைகூப்பல்களும் வந்தன. 'சாரி அக்கா' என்று ஏழு பேர் எழுதினார்கள். அதில் நான்கு பேர் மாவும் கேட்டிருந்தார்கள்.

மதியம் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தபோது அனந்தகிருஷ்ணனும் விஷ்ணுப்ரியாவும் வந்தார்கள். விஷ்ணுப்ரியாவுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் அரிசி மூட்டைக்கும் குண்டான்களுக்கும் நடுவில் நின்றாள்.

"சாரி ஆன்ட்டி. நான் தப்பா ஒண்ணும் நினைக்கல. லிஸ்ட்ல பேர் இல்லன்னதும் கேட்டுட்டேன். பேர் மாத்தினதெல்லாம் எனக்குத் தெரியாது."

"எங்களுக்கே தெரியாதும்மா" என்றாள் பேபி. கிரைண்டரை நிறுத்தினாள். திடீரென்று வீடு அமைதியானது. "உக்காரு. மாவு கை, அதான் பாய் போட முடியல."

அனந்தகிருஷ்ணன் தொண்டையைச் செருமினார். "கல்ல மாத்தணும். செதுக்கறவர்கிட்ட பேசிட்டேன். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள வாசகம் குடுத்துட்டா ஞாயித்துக்கிழமை ராத்திரிக்குள்ள முடிச்சுடறேன்னாரு. பேப்பர்ல எழுதிக் குடுக்கணுமாம், போன்ல அனுப்பினா எழுத்து விட்டுப் போயிடுதாம். விஷ்ணு, படிம்மா."

விஷ்ணுப்ரியா ஒரு வெள்ளைத் தாளைப் பிரித்தாள். "சௌர்யா சக்ரா விருது பெற்ற ஹவில்தார் ஜெயவேலு பூங்கா."

"நல்லா கீது" என்றாள் பேபி. "அதயே போட்டுடுங்க."

"அவரு வாங்கசொல்ல அந்தப் பேரு இல்லியே" என்று ஒரு குரல் கேட்டது.

கங்கையம்மாள் உள்ளறை வாசலில் நின்றிருந்தாள். இரண்டு நாள் கழித்து அவள் வாயைத் திறந்தது அப்போதுதான்.

"கரெக்டும்மா" என்றார் அனந்தகிருஷ்ணன். "அப்ப அது அசோக சக்ரா, மூன்றாம் வகுப்பு. ஆனா மூன்றாம் வகுப்புன்னு கல்லுல போட்டா பாக்கறவங்க என்ன நினைப்பாங்க? உங்க மரியாதைக்காகத்தான் சொல்றேன். புதுப் பேரு கம்பீரமா இருக்கு. அத விட்டுடலாம்."

"ஆமா ஆன்ட்டி, அது வேணாம். நான் வேணும்னேதான் எழுதல" என்றாள் விஷ்ணுப்ரியா.

கங்கையம்மாள் அந்தப் பெண்ணையே பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது சிரிப்புதானா என்று பேபிக்குச் சந்தேகமாக இருந்தது.

"நானுந்தான் விட்டேன்."

"இன்னாமா சொல்ற?"

அவள் உள்ளே போனாள். டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. பழுப்பேறிய பட்டாளத்துப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்து, அதன் நடுவிலிருந்து இரண்டு தாள்களை உருவிப் பேபியிடம் நீட்டினாள். ஒன்றில் கோணல் எழுத்து. அசோக சக்ரா மூன்றாம் வகுப்பு விருது பெற்ற ஜெயவேலு என்று இருந்தது. இன்னொன்றில் அதே வாசகம், வரிசை தப்பாத உருண்டை எழுத்தில். மூன்றாம் வகுப்பு என்பது மட்டும் அதில் இல்லை.

"பத்திரிகைக்கு இன்னின்ன மாதிரி போடணும்னு அவரு பட்டாளத்துலேர்ந்து எழுதி அனுப்பிச்சாரு. எழுத்து புரியாது, நீ எட்டாவது படிச்சவதான, அழகா பெயர்த்து எழுதிக் குடுன்னு எங்கண்ணன் சொல்லிச்சி. எங்க பெரியப்பன் பொண்ணு பக்கத்துல ஒக்காந்துகினு, 'மூணாவதா? மொத ரெண்டு பேரு யாருடி, அவனுங்கள பாக்கலியா?'ன்னு கேட்டு சிரிச்சா. எனக்கு வெக்கமாப் பூட்ச்சி. அத விட்டுட்டு எழுதிட்டேன்."

அடுப்பருகே ஒரு குண்டானின் கம்பளி மெல்ல நழுவி விழுந்தது.

"நைனாவுக்குத் தெரியுமா?" என்று பேபி கேட்டாள்.

"லீவுல வந்து, அச்சாபீஸ்லேர்ந்து பத்திரிகைக் கட்ட வாங்கியாந்ததே அவருதான். ரெண்டு சீட்டும் அதுலயே இருந்திருக்கு. கல்யாணமாயி மூணா நாளு, 'ஒன் எழுத்து முத்து முத்தா கீது'ன்னாரு. அவ்ளோதான். அப்பறம் யாரு கேட்டாலும், நான் எப்டி எழுதனனோ அப்டியேதான் சொல்வாரு. பேரு மாத்திட்டாங்கன்னு கடுதாசி வந்தப்பகூட எங்கிட்ட ஒருவாட்டி படிச்சி காட்டனாரு. நான் ஒண்ணும் சொல்லல. அவரும் மடிச்சி வச்சிட்டாரு."

"அப்ப ரெண்டு நாளா எங்கள இன்னாத்துக்கும்மா அலைய விட்ட?"

"அவரு செத்தப்பறந்தான் இந்தப் பெட்டிய தொறந்தேன். இந்த ரெண்டு சீட்டும் ஒண்ணா மடிச்சி கீது. மெடலக் கூட அவ்ளோ பத்திரமா வெக்கலடி அவரு." அவள் சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்தாள். "ஆசையா வச்சிகினாரா, இல்ல மனசுல குத்திகினே இருந்துச்சான்னு எனக்குத் தெரியல. பதினாறு வருசமா ரோசன பண்றேன். நாலுவாட்டி ஆத்துல குதிச்ச மன்சன். இவ ஒரு வார்த்தைக்கு வெக்கப்பட்டாளேன்னு நெனச்சாரோ இன்னாவோ."

"அப்டிலாம் நெனச்சிருக்க மாட்டாரு" என்றாள் பேபி. சொன்னாளே தவிர, அவளுக்கும் தெரியவில்லை. வானொலியைக் காதருகே வைத்துக்கொண்டு கட்டிலில் கிடந்த அந்த மனிதரின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அனந்தகிருஷ்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலேகால். ஏதாவது சொல்ல நினைத்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

கங்கையம்மாள் விஷ்ணுப்ரியாவிடம் கை நீட்டினாள். "பேனாவக் குடும்மா. அந்தச் சீட்டையும்."

தாளை முறத்தின் பின்பக்கம் வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினாள். உருண்டை எழுத்துகள் இப்போது ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்தன. புதுப் பெயரை எழுதத் தெரியாமல், பெண் எழுதியிருந்ததைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். முடித்ததும் தானே ஒருமுறை வாய்க்குள் படித்துவிட்டு அனந்தகிருஷ்ணனிடம் கொடுத்தாள்.

'அசோக சக்ரா மூன்றாம் வகுப்பு, பிற்பாடு சௌர்யா சக்ரா, பெற்ற ஹவில்தார் ஜெயவேலு பூங்கா.'

அவர் உதடு அசைய எழுத்துகளை எண்ணினார்.

"கல்லு அதே அளவுதாம்மா. இவ்வளவு போட்டா எழுத்து ரொம்ப சின்னதாயிடும். ரோட்லேர்ந்து தெரியாது."

"சின்னதாவே போடச் சொல்லுங்க" என்றாள் கங்கையம்மாள். "கிட்ட வந்து படிச்சிக்கட்டும்."